ஓதம் ஏறி வற்றும் ஆற்றில் கயாக்கை எங்கே இறக்குவது?

ஏரியிலும் நீர்த்தேக்கத்திலும் கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகைச் செலுத்திப் பழகிய நீங்கள், கடலோதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், ஏறி வற்றும் ஆறு ஒன்றில் முதன்முறையாகப் போகவிருப்பதாகவும், வரைபடத்தில் மூன்று இடங்கள் தென்படுவதாகவும் சொல்கிறீர்கள். ஒன்று, கான்கிரீட்டால் போடப்பட்ட படகுச் சாய்தளம். மற்றொன்று, பாலத்தை ஒட்டிய திறந்த மண்கரை. மூன்றாவது, ஓடையொன்று ஆற்றில் வந்து சேரும் இடத்திலுள்ள அமைதியான சிறு குடா. இவற்றில் எதில் இறங்குவது நல்லது என்பது உங்கள் கேள்வி. நீங்கள் திரும்பி வரும் நேரத்தில் எந்த இடம் கரையேறத் தக்கதாக இருக்குமோ, அந்த இடத்தில்தான் இறங்க வேண்டும் என்பது என் பதில். ஏரியில் காலையில் விட்டுச் சென்ற கரை மாலையிலும் அதே கரையாக இருக்கும். ஓத ஆற்றில் காலை எட்டு மணிக்கு முழங்கால் அளவு நீர் நின்ற இடம், பிற்பகல் இரண்டு மணிக்கு நூறு மீட்டர் அகலச் சேறாகக் கிடக்கலாம். ஆகவே இங்கு இடத்தையும் நேரத்தையும் தனித்தனியே தேர்ந்தெடுக்க வழியில்லை.

முதலில் ஓதத்தின் கணக்கைப் பார்த்துவிடுவோம். பெரும்பாலான கடற்கரைகளில், நீர்மட்டம் உச்சத்தைத் தொடும் ஓர் உயர்நீருக்கும் அடுத்த உயர்நீருக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகிறது. அதனால் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் வரும். அவை ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். மெக்சிகோ வளைகுடாவின் சில பகுதிகளைப் போல நாளுக்கு ஒரே ஏற்றம் வரும் கடற்கரைகளும் உண்டு. உயர்நீருக்கும் தாழ்நீருக்கும் உள்ள உயர வித்தியாசத்தை ஓத வீச்சு என்கிறோம். அது இடத்துக்கு இடம் பெரிதும் மாறுபடும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவின் உட்பகுதியில் அது 16 மீட்டர் வரை எட்டுகிறது. மத்தியதரைக் கடலின் பெரும்பாலான கரைகளிலோ அரை மீட்டரைக்கூடத் தொடுவதில்லை. அமாவாசையையும் பௌர்ணமியையும் அடுத்து வரும் ஓரிரு நாட்களில் வீச்சு மிகும்; அட்டமியை ஒட்டிய நாட்களில் குறையும். எனவே ஒரே இடம் ஒரு வாரம் எளிதாகவும் அடுத்த வாரம் கடினமாகவும் இருப்பது இயல்பு. அட்டமி ஓதத்தில் ஒருவர் நல்ல இடம் என்று பாராட்டியதை நம்பி, பௌர்ணமிக்கு மறுநாள் நீங்கள் அங்கே போனால், அவர் சொன்ன இடத்தைக் காணாமல் திகைக்க நேரிடும்.

நீர் ஒரே சீரான வேகத்தில் ஏறுவதோ இறங்குவதோ இல்லை. மாலுமிகள் நெடுங்காலமாகக் கையாளும் பன்னிரண்டில் ஒரு பங்கு என்ற தோராய விதி இதற்கு உதவும். ஆறு மணிநேர வற்றத்தில் முதல் மணியில் மொத்த வீச்சின் பன்னிரண்டில் ஒரு பங்கும், இரண்டாம் மணியில் இரண்டு பங்கும், மூன்றாம் மணியிலும் நான்காம் மணியிலும் மும்மூன்று பங்கும், ஐந்தாம் மணியில் இரண்டு பங்கும், கடைசி மணியில் ஒரு பங்கும் நீர் இறங்கும். வீச்சு 3 மீட்டர் என்றால் நடுவிலுள்ள இரண்டு மணிநேரத்தில் மட்டும் ஒன்றரை மீட்டர் இறங்கிவிடும் என்று பொருள்.

இந்த எண்ணைக் கரையின் சரிவோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் இடங்களுக்கிடையே உள்ள வேறுபாடு துலங்கும். எட்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் தாழும் கான்கிரீட் சாய்தளத்தில், நடு வற்றத்தின் ஒரு மணிநேரத்தில் நீர்விளிம்பு 6 மீட்டர் பின்வாங்கும். ஐம்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் மட்டுமே தாழும் சேற்றுக் கரையில் அதே ஒரு மணிநேரத்தில் நீர்விளிம்பு 37 மீட்டருக்கும் மேல் விலகிப் போகும். வற்றம் முடியும்போது 150 மீட்டர் தொலைவில் நிற்கும். தட்டையான கரை கண்ணுக்கு இதமாக இருக்கும், குழந்தைகளோடு நின்று பார்க்கவும் நன்றாக இருக்கும். ஓத வீச்சு பெரிதாக உள்ள ஆற்றில் கயாக் இறக்குவதற்கு அத்தகைய கரையை நான் தயங்காமல் விலக்குவேன்.

இனி நேரத்தை எப்படிப் பொருத்துவது என்று ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். நீங்கள் இறங்கும் இடத்தில் உயர்நீர் காலை 10 மணிக்கு என்றும், வீச்சு 3 மீட்டர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். காலை 8 மணிக்கு இறங்கி ஏற்றத்தோடு மேல்நோக்கிச் சென்று, நீரோட்டம் திரும்பியதும் வற்றத்தோடு இறங்கி நண்பகல் 12 மணிக்குத் திரும்பினால், புறப்பட்டபோதும் வந்துசேர்ந்தபோதும் நீர்மட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். உச்சத்திலிருந்து சுமார் 75 சென்டிமீட்டர்தான் தாழ்ந்திருக்கும். இறங்கியபோது நீங்கள் கண்ட கரையே திரும்பும்போதும் உங்களுக்குக் கிடைக்கும். உயர்நீருக்கு இருபுறமும் பயணத்தைச் சமமாக வைப்பதன் பயன் இதுதான். ஆனால் மேலே எங்கோ இரண்டு மணிநேரம் தங்கிவிட்டு 2 மணிக்குத் திரும்பினால், நீர் உச்சத்திலிருந்து இரண்டேகால் மீட்டர் இறங்கியிருக்கும். மேற்சொன்ன தட்டையான கரையில் உயர்நீர்க் கோட்டுக்கும் உங்களுக்கும் இடையே நூறு மீட்டருக்கும் அதிகமான சேறு கிடக்கும். வற்றத்தில் ஒவ்வொரு நிமிடத் தாமதமும் உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும்.

பயணத்தைத் தாழ்நீரைச் சுற்றி அமைப்பவர்களும் உண்டு. வற்றத்தோடு கடல் நோக்கி இறங்கி, ஏற்றத்தோடு திரும்பி வருவது அவர்கள் வழி. அதில் தாமதமானால் நீர் ஏறிக்கொண்டுதான் இருக்கும், கரையும் அருகில் வந்துகொண்டிருக்கும் என்ற நன்மை உண்டு. ஆனால் பயணத்தின் நடுவில், வற்றத்தின் அடிமட்டத்தில், முகத்துவாரத்துக்கு மிக அருகில் இருப்பீர்கள். இருகரையிலும் சேற்றுத் திட்டுகள் வெளிப்பட்டிருக்கும். ஏதேனும் நேர்ந்தால் கரையேற இடம் கிடைப்பது அரிது. வற்றம் எதிர்பாராத வேகத்தில் ஓடினால் அது உங்களைக் கடலுக்குத்தான் கொண்டுபோகும். முதல் சில பயணங்களுக்கு உயர்நீரைச் சுற்றிய திட்டமே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் அதில் திரும்புவதற்கான நீரோட்டமும் கிடைக்கிறது, கரையும் கிடைக்கிறது.

இந்தக் கணக்கை ஓத அட்டவணையிலிருந்து அப்படியே எடுத்துவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அட்டவணையிலுள்ள நேரம் பெரும்பாலும் முகத்துவாரத்திலோ அருகிலுள்ள துறைமுகத்திலோ உள்ள அளவை நிலையத்துக்கு உரியது. ஓதம் ஒரு நெடிய அலையாக ஆற்றுக்குள் ஏறிச் செல்வதால், மேலே போகப்போக உயர்நீரின் நேரம் தள்ளிப் போகும். அமேசானில் கடலிலிருந்து சுமார் 800 கிலோமீட்டர் உள்ளே உள்ள ஓபிடுஸ் வரை ஓதத்தின் தடம் தெரிகிறது. ஹட்சன் ஆற்றில் அது டிராய் அணை வரை, ஏறக்குறைய 245 கிலோமீட்டர் ஏறுகிறது. அந்த அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர் வேகத்திலும், 4 மீட்டர் ஆழத்தில் சுமார் 22 கிலோமீட்டர் வேகத்திலும் அது நகரும். இதனால் இன்னொரு விளைவும் உண்டு. அலையின் முகடு ஆழமான நீரில் வருவதால் விரைந்தும், பள்ளம் ஆழம் குறைந்த நீரில் வருவதால் மெதுவாகவும் நகர்வதால், ஆற்றின் மேற்பகுதியில் ஏற்றம் குறுகிய நேரத்தில் வேகமாக முடியும். வற்றம் நீண்டுகொண்டே போகும். பன்னிரண்டில் ஒரு பங்கு விதி அங்கே தோராயத்திலும் தோராயமாகிவிடும். வீச்சு மிகப் பெரிதாகவும் முகத்துவாரம் புனல் போலவும் உள்ள ஆறுகளில், இங்கிலாந்தின் செவர்ன், சீனாவின் சியான்டாங் போன்றவற்றில், ஏற்றம் ஒரு நீர்ச்சுவராகவே உருண்டு வரும். அது வரும் நேரத்தில் கரையோரத்தில் கயாக்கை வைத்துக்கொண்டு நிற்கக்கூடாது.

புதியவர்களை அதிகம் ஏமாற்றும் செய்தி வேறொன்று உண்டு. நீர்மட்டம் உச்சத்தைத் தொட்டவுடன் நீரோட்டம் நின்று திரும்பும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். பல ஆறுகளில் மட்டம் இறங்கத் தொடங்கிய பின்பும் ஒரு மணிநேரத்துக்குக் குறையாமல் நீரோட்டம் மேல்நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். தாழ்நீருக்குப் பின்பும் அப்படியே கீழ்நோக்கி ஓடும். கனடாவின் செயின்ட் ஜான் ஆற்று முகத்திலுள்ள பாறை இடுக்கில், உயர்நீருக்குச் சுமார் இரண்டரை மணிநேரம் கழித்தும், தாழ்நீருக்கு நான்கு மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கழித்தும்தான் நீர் நிற்கிறது. எனவே நீர்மட்டத்துக்கு ஓர் அட்டவணையும் நீரோட்டத்துக்கு ஓர் அட்டவணையும் கிடைக்கும் ஆறுகளில் இரண்டையும் பார்க்க வேண்டும். கரையைத் தேர்ந்தெடுக்க முதலாவது, பயணத்தைத் திட்டமிட இரண்டாவது. நீரோட்ட அட்டவணை கிடைக்காத ஆற்றில், கரையில் ஒரு மணிநேரம் உட்கார்ந்து மிதக்கும் சருகைப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை.

அட்டவணையைப் படிக்கும்போது அது எந்த நேர முறையில் அச்சாகியுள்ளது என்பதையும் கவனியுங்கள். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்தள்ளும் நாடுகளில், அட்டவணை பொது நேரத்திலேயே இருந்தால், உங்கள் கணக்கு முழுவதும் ஒரு மணிநேரம் பிசகிவிடும். அட்டவணை என்பது சூரிய சந்திரர்களை வைத்துப் போட்ட முன்கணிப்பு மட்டுமே. வானிலையை அது அறியாது. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். கடலிலிருந்து வீசும் பலத்த காற்று நீரை உள்ளே குவிக்கும். மேலே பெருமழை பெய்திருந்தால், ஏற்ற நேரத்திலும் நீர்மட்டம் மட்டும் உயர்ந்து, நீரோட்டம் திரும்பாமல் கீழ்நோக்கியே ஓடுவதும் உண்டு. அப்படிப்பட்ட நாளில் ஏற்றத்தை நம்பிப் போட்ட எந்தத் திட்டமும் செல்லாது.

இப்போது நீரோட்டத்தின் வலிமையைப் பற்றி. பழகிய ஒருவர் நெடுநேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம் மணிக்கு 5 முதல் 6 கிலோமீட்டர். மாலுமிகளின் வேக அலகான நாட் கணக்கில் இரண்டு நாட் நீரோட்டம் என்றால் மணிக்கு 3.7 கிலோமீட்டர், அதை எதிர்த்துத் துடுப்புப் போட்டால் கரையைப் பொறுத்தவரை இரண்டு கிலோமீட்டர்தான் முன்னேறுவீர்கள், அதன் போக்கில் போனால் ஒன்பதை எட்டுவீர்கள். மேலும், நீரோட்டம் ஒரு பொருளின் மீது செலுத்தும் விசை வேகத்தின் வர்க்கமாகக் கூடும்; வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் பட்டியலிலுள்ள பாலத்தடி மண்கரையைப் பாருங்கள்.

பாலம் கட்டுவதற்கு ஆற்றின் குறுகலான இடத்தைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். தூண்கள் அந்த இடத்தை இன்னும் குறுக்கும். குறுகிய இடத்தில் நீர் விரைந்து ஓடும். தூணின் மீது நீர் மோதும் பக்கத்தில் கயாக் குறுக்காக மாட்டிக்கொண்டால், நீரே அதைத் தூணோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும்; கவிழ்ந்தால் மீள்வது கடினம். இதே ஆபத்து நங்கூரமிட்ட படகுகளிலும், மிதவைத் துறைகளிலும், மிதவைக் குறிகளின் சங்கிலிகளிலும், கரையிலிருந்து நீரில் சாய்ந்து விழுந்த மரங்களிலும் உண்டு. ஆகவே இறங்கும் இடம் இத்தகைய தடைகளுக்குக் கீழ்ப்பக்கமாக, நீர் உங்களை அவற்றிலிருந்து விலக்கிக் கொண்டுபோகும் பக்கமாக இருக்க வேண்டும். ஒருதிசை ஆற்றில் இதை ஒருமுறை தீர்மானித்தால் போதும். ஓத ஆற்றிலோ கீழ்ப்பக்கம் என்பதே நாளுக்கு நான்கு முறை மாறுகிறது. ஏற்றத்தில் புறப்படும்போது பாலம் உங்களுக்குப் பின்னால் இருந்து எந்தத் தொல்லையும் தராது. வற்றத்தில் திரும்பும்போது உங்களை அதே பாலத்தின் தூண்களை நோக்கி நீர் இழுத்துச் செல்லும், இறங்கிய கரையைத் தவறவிட்டால் அடுத்துச் சந்திப்பது தூணாகத்தான் இருக்கும். இரு திசை நீரோட்டத்திலும் குறைந்தது இருநூறு முந்நூறு மீட்டருக்குத் தடையற்ற நீர் உள்ள இடத்தையே நான் தேடுவேன். உங்கள் பாலத்தடிக் கரையில் அந்த இடைவெளி இல்லையென்றால் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஆற்றின் வளைவுகளும் கவனிக்கத் தக்கவை. வளைவின் வெளிக்கரையில் ஆழம் அதிகம், வேகம் அதிகம், கரை அரித்துச் செங்குத்தாக நிற்கும். உட்கரையில் வேகம் குறைவு. ஆனால் வண்டல் படிவதும் அங்கேதான், ஆகவே தாழ்நீரில் அது நீண்ட சேற்றுத் திட்டாகிவிடும். நேராக ஓடும் பகுதியிலோ, கரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பாறை அல்லது கற்சுவர் ஒன்றின் மறைவிலோ அமைந்த கெட்டியான கரைதான் நல்ல சமரசம். அத்தகைய மறைவில் நீர் மெல்லச் சுழன்று எதிர்த்திசையில் ஓடும். அங்கே நிதானமாக ஏறி உட்கார்ந்து, துடுப்பைச் சரிசெய்துகொண்டு, முன்முனையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி வெளியேறலாம். நீரோட்டம் திரும்பியதும் அந்த மறைவு சுவரின் மறுபக்கத்துக்கு இடம் மாறிவிடும்; திரும்பும்போது எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மூன்று இடங்களில் சாய்தளத்துக்கே என் முதல் வாக்கு, சில நிபந்தனைகளோடு. முதலாவது, அது தாழ்நீர் மட்டம் வரை உண்மையில் நீள்கிறதா என்று பாருங்கள். பல சாய்தளங்கள் பாதியிலேயே முடிந்து, அதற்குக் கீழே சேறோ, கான்கிரீட் விளிம்பிலிருந்து ஓரடிக்கு மேல் பள்ளமோ இருக்கும். விசைப்படகுகளின் சுழலிகள் தொடர்ந்து அரித்து உண்டாக்கிய குழிகளும் விளிம்பில் இருப்பதுண்டு. இரண்டாவது, நடுமட்டத்துக்குக் கீழே நாள்தோறும் நனைந்து காயும் பகுதியில் பாசி படர்ந்து கண்ணாடி போல வழுக்கும். கயாக்கைத் தூக்கிக்கொண்டு அதில் நடப்பதைக் காட்டிலும், கயாக்கை முன்னே சறுக்கவிட்டுக் கயிற்றால் பிடித்தபடி ஓரமாக நடப்பதே பாதுகாப்பு. மூன்றாவது, விசைப்படகுகளை வண்டியில் ஏற்றி இறக்குபவர்களுக்கும் அதே இடம் வேண்டும். பொருட்களை அடுக்குவதையும் அங்கி மாட்டுவதையும் மேலேயே முடித்துக்கொண்டு, நீர்விளிம்பில் ஓரிரு நிமிடத்துக்கு மேல் நிற்காதிருப்பது மரியாதையும்கூட. வாகனத்தை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: சருகும் குப்பையும் வரிசையாக ஒதுங்கிய கோடு எங்கே இருக்கிறதோ, அதுவரை அண்மையில் நீர் வந்து போயிருக்கிறது, அதற்கு மேலேதான் வாகனம் நிற்க வேண்டும்.

ஓடை சேரும் குடாவைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் மூன்றிலும் மிகுந்த கவர்ச்சி உடையது அதுதான். உயர்நீரில் அதைப் பார்க்கும் எவருக்கும் மனம் அங்கேயே போகும். காற்றுப் படாது, கப்பல் அலை வராது, நீரோட்டம் இராது. ஆனால் நீரோட்டம் இல்லாத இடத்தில்தான் ஆறு தான் சுமந்து வரும் நுண்மண்ணை இறக்கி வைக்கிறது. ஆகவே அத்தகைய குடாக்களின் அடியில் பெரும்பாலும் ஆழ்ந்த, இளகிய சேறு இருக்கும். உயர்நீருக்கு இருபுறமும் ஓரிரு மணிநேரம் மட்டுமே அது பயன்படும். பிறகு நடுவில் ஒரு சிறு கால்வாய் மட்டும் ஓடும், இருபுறமும் சேறு பளபளத்துக் கிடக்கும். ஓடையின் வாயில் வெள்ளக்கதவு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆற்றின் மட்டம் ஓடையின் மட்டத்துக்குக் கீழே போனதும் தானாகத் திறந்துகொள்ளும் கதவுகள் உண்டு; வற்ற நேரத்தில் உள்ளே தேங்கிய நீர் அதன் வழியே எந்த எச்சரிக்கையும் இன்றிப் பாய்ந்து வரும்.

சேற்றைப் பலர் அசௌகரியம் என்ற அளவில்தான் நினைக்கிறார்கள். அது உயிருக்கே ஆபத்தாகலாம். தொடை வரை புதைந்த ஒருவர் காலை நேராக மேலே இழுத்தால், பாதத்துக்கு அடியில் காற்றும் நீரும் புக வழியில்லாததால் சேறு இன்னும் இறுகப் பிடிக்கும். வற்றத்தில் புதைந்தவருக்கு அடுத்து வருவது ஏற்றம் என்பதையும் மறக்கக்கூடாது. ஆகவே சேற்றுக் கரையில் கயாக்கை விட்டு இறங்கும் முன் துடுப்பை அழுத்திப் பாருங்கள். அது தடையின்றிப் புதைந்தால் இறங்கவே வேண்டாம், கயாக்கிலேயே அமர்ந்து நீர் ஏறும்வரை காத்திருங்கள், அல்லது வேறு கரைக்குப் போங்கள். புதைந்துவிட்டால் எழுந்து நிற்க முயலாமல் பின்னால் சாய்ந்து, உடல் எடையைக் கயாக்கின் மீதோ குறுக்காக வைத்த துடுப்பின் மீதோ பரப்பி, காலைச் சிறுகச் சிறுக அசைத்து நீர் உள்ளே இறங்க இடம்கொடுத்து, ஒவ்வொன்றாக மெல்ல விடுவிக்க வேண்டும்; உதவிக்கு அழைப்பதையும் உடனே செய்ய வேண்டும், கடைசி வரை ஒத்திப்போடக்கூடாது. உங்களைத் தேடி நடந்து வருபவரும் புதையக்கூடும் என்பதால், அவரைத் தூரத்திலேயே நிறுத்துங்கள்.

சதுப்புநிலக் காடுகள் உள்ள ஆறுகளில் சேற்றோடு மூச்சுவேர்களும், கூரிய சிப்பி ஓடுகளும் காத்திருக்கும். கெட்டியான அடியுள்ள காலணி இல்லாமல் இறங்க வேண்டாம். முதலை வாழும் வெப்பமண்டலக் கழிமுகங்களில் அங்குள்ள எச்சரிக்கைப் பலகையை அப்படியே நம்ப வேண்டும்.

மிதவைத் துறை கிடைக்கும் இடமென்றால் அதைச் சாய்தளத்துக்கு இணையாகவே மதிப்பேன். நீரோடு சேர்ந்தே அது ஏறி இறங்குவதால், தளத்துக்கும் நீருக்கும் உள்ள உயரம் எப்போதும் மாறாது. அந்த உயரம் ஒரு சாணளவு என்றால் உட்கார்ந்தபடியே கயாக்கில் இறங்கிவிடலாம், முழங்காலுக்கு மேல் இருந்தால் கயாக்கில் அமர்வது ஒரு வித்தையாகிவிடும். மாறாக, தூண்கள் மீது நிலையாகக் கட்டிய துறையும் கற்சுவரும் உயர்நீரில் நட்பாகத் தோன்றி, தாழ்நீரில் தலைக்கு மேல் எழுந்த மதிலாகிவிடும். லண்டன் நகரத்துக்குள் தேம்ஸ் ஆறு அமாவாசை, பௌர்ணமி ஓதங்களில் ஏறக்குறைய 7 மீட்டர் ஏறி இறங்குகிறது. அதன் கரைச்சுவர்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஏணி இருந்தாலும், கயாக்கை வைத்துக்கொண்டு தனியாக ஏணியேறுவது நடைமுறையில் நடவாத காரியம்.

இடத்தை நேரில் பார்க்க ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால், தாழ்நீர் நேரத்தில் போங்கள். முடிந்தால் அமாவாசை அல்லது பௌர்ணமியை அடுத்த நாட்களின் தாழ்நீரில். ஆறு தன் அடியைக் காட்டும் நேரம் அது. தூண்களில் கொட்டலசு என்னும் ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிரியும் பாசியும் எந்த உயரம் வரை படர்ந்திருக்கின்றன என்பது வழக்கமான உயர்நீரை உங்களுக்குச் சொல்லிவிடும். கட்டி வைத்த படகுகள் மிதக்கின்றனவா, சேற்றில் சாய்ந்து கிடக்கின்றனவா என்பது ஆழத்தைச் சொல்லும். மிதவைக் குறி எவ்வளவு சாய்ந்து, பின்னால் எவ்வளவு நுரை விடுகிறது என்பது நீரோட்டத்தைச் சொல்லும். நேரில் போவதற்கு முன் கடல்வழி வரைபடத்தைப் பாருங்கள். தாழ்நீரில் வெளிப்படும் திட்டுகள் அதில் தனி நிறத்தில் குறிக்கப்பட்டிருக்கும், அவற்றின் மேல் அடிக்கோடிட்ட எண்கள் அவை எவ்வளவு உயரம் வெளியே தெரியும் என்பதைக் காட்டும். செயற்கைக்கோள் படங்களில் வெவ்வேறு நாட்களில் எடுத்தவற்றை ஒப்பிட்டால், ஒரே கரை நீருக்கு அடியிலும் வெளியிலும் இருப்பதைக் காணலாம். ஒரே படத்தை மட்டும் பார்த்துத் தீர்மானித்தால், அது எந்த ஓதத்தில் எடுத்தது என்று அறியாமலேயே தீர்மானித்தவராவீர்கள். அங்கே வலை போடுபவரையோ துறையைக் கவனித்துக்கொள்பவரையோ கண்டால், எத்தனை மணிக்குப் பிறகு இங்கே இறங்க முடியாது என்று கேளுங்கள். நல்ல இடமா என்று கேட்டால் நல்ல இடம் என்றுதான் சொல்வார்கள். மணியைக் கேட்டால் உண்மையான விடை வரும்.

காற்றையும் ஓதத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். நீரோட்டத்தை எதிர்த்துக் காற்று வீசும்போது அலைகள் குறுகி, செங்குத்தாக எழும். காலை ஏற்றத்தின்போது கடற்காற்று நீரோட்டத்தின் திசையிலேயே வீசியதால் பளிங்கு போலக் கிடந்த அதே நீர்ப்பரப்பு, வற்றம் தொடங்கியதும் காற்றின் வேகம் கூடாமலேயே கொந்தளிப்பாக மாறும். எனவே நீங்கள் திரும்பும் நேரத்துக் காற்றின் திசைக்கு மறைவாக உள்ள கரையைத் தேர்ந்தெடுங்கள். கப்பல்கள் போகும் ஆறாக இருந்தால், இறங்கிய இடத்திலிருந்து கப்பல் வழியைக் கடக்காமலேயே பயணத்தை முடிக்கக்கூடிய பக்கத்துக் கரையே மேல். 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளின் ஒன்பதாம் விதிப்படி, குறுகிய வழிக்குள் மட்டுமே பாதுகாப்பாகச் செல்லக்கூடிய கப்பலுக்கு 20 மீட்டருக்குக் குறைந்த நீளமுள்ள எந்தக் கலமும் இடையூறாக இருக்கக்கூடாது. விலக வேண்டியவர் நீங்கள்தான். பெரிய கப்பல் கடக்கும்போது கரையோர நீர் முதலில் உள்வாங்கி, பிறகு திரும்பி எழும். நீர்விளிம்பில் பாதி ஏற்றி வைத்த கயாக்கை அது எடுத்துச் சென்றுவிடும் என்பதால், கப்பல் கண்ணில் பட்டதுமே கயாக்கை நன்றாக மேலே இழுத்துவிடுங்கள்.

உரிமை பற்றிய விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆற்று நீர் பொதுவாக இருந்தாலும், அதை அடையும் நிலம் தனியாருடையதாக இருக்கலாம். கேட்டு அனுமதி பெற்றுவிடுவதே முறை. உயர்நீரில் சேறு மூழ்கும்போது கரைப்பறவைகள் எஞ்சிய சிறு மேட்டில் கூட்டமாக ஒதுங்கி ஓய்வெடுக்கும். அந்த மேடு நீங்கள் இறங்கும் இடமாக இருந்தால், சற்றுத் தள்ளி வேறிடம் பாருங்கள். அவற்றுக்கு அந்நேரத்தில் போக்கிடம் இல்லை. பெருமழைக்குப் பிறகு கழிவுநீர்க் குழாய்கள் ஆற்றில் வழியும் நகரப் பகுதிகளில் ஓரிரு நாட்கள் இறங்காமலிருப்பது நல்லது. ஓத ஆற்றில் குழாய்க்கு மேற்பக்கம் என்ற பாதுகாப்பும் கிடையாது, ஏற்றம் அந்த நீரை மேலே கொண்டுவந்துவிடும்.

கடைசியாக, ஒரே ஓர் இறங்குமிடத்தை மட்டும் நம்பிப் புறப்படக்கூடாது. நீங்கள் தேர்ந்தெடுத்த சாய்தளத்துக்கு மேல்பக்கம் ஒன்றும் கீழ்ப்பக்கம் ஒன்றுமாக, தாழ்நீரிலும் கெட்டியான அடியோடு கரையேறக்கூடிய இரு இடங்களைக் குறித்து வையுங்கள். வற்றத்தில் இறங்குமிடத்தைத் தவறவிட்டால் எதிர்நீச்சலில் சோர்ந்து போகாமல் கீழ்ப்பக்கத்து இடத்துக்குப் போய்விடலாம்; ஏற்றம் எதிர்பார்த்ததைவிட நீண்டு உங்களைக் கீழே வரவிடாமல் தடுத்தால் மேல்பக்கத்து இடத்தில் ஏறிக் காத்திருக்கலாம். அந்த இரண்டு இடங்களின் பெயரையும், நீங்கள் கரையேற வேண்டிய நேரத்தையும், அதற்கு எத்தனை மணிநேரம் கழித்துத் தேடத் தொடங்க வேண்டும் என்பதையும் கரையிலுள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.